பல் போனால் சொல் போச்சு... சொல் இல்லாவிட்டால் பல் போச்சு!



நான் திண்டுக்கல்காரி. ப்ளஸ் டூ வரை படித்தவள். கணவரின் வேலை காரணமாக ஏழு வருடமாக ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் குடியிருக்கிறோம். இந்த இணைப்பை அம்மா ஒன்று விடாமல் எடுத்து வைத்திருப்பார். ஊருக்கு வரும்போது ஒரு கட்டாகக் கையில் கிடைக்கும். வெளிநாடு போகும் பெண்களுக்கு என்ன பொடி அரைத்துக் கொடுக்கலாம், குளிருக்கு எதை வாங்கலாம் என்று எத்தனையோ யோசனைகளைப் படித்திருக்கிறேன். ஆனால் பல்லைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பல்தானே என்று நினைத்துவிடுகிறோம். வெளிநாட்டில் காய்ச்சல், சளியைக்கூட சமாளித்துவிடலாம். கடைவாய்ப் பல் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விண் விண் என்று தெறிக்கும்போதுதான் நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே புரியும்!

நாங்கள் இருப்பது டோக்கியோவின் கிழக்குப் பக்கம் எடோகாவா வார்டில் நிஷிகசாய் என்ற இடம். 2000ஆம் ஆண்டு கம்ப்யூட்டர் பிரச்னை சமயத்தில் வேலைக்கு வந்த நம் நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் இங்கே தங்கிவிட்டார்கள். தமிழ்க் குடும்பங்களும் உண்டு. நான் பார்த்தவரையில் எங்களில் பல பெண்களுக்கு ஒரே பழக்கம்: "லீவுக்கு ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்." கண்ணாடி மாற்ற வேண்டுமா, ஊருக்குப் போகும்போது. பல் வலியா, அதுவும் ஊருக்குப் போகும்போது.

எங்கள் கட்டடத்திலேயே இருந்த ஒரு தங்கைக்குக் கீழ்த்தாடையில் ஞானப்பல் பாதி முளைத்து நின்றது. ஈறு அடிக்கடி வீங்கும். கிராம்புத் தைலம் வைப்பாள், உப்புத் தண்ணீர் கொப்பளிப்பாள், வலி மாத்திரை போடுவாள். ஊருக்குப் போக இன்னும் மூன்று மாதம்தான் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்கா அமெரிக்காவில். அங்கே பல்லுக்குத் தனி இன்ஷூரன்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் சொத்தை எழுதி வைக்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாளாம். ஜப்பானிலும் அப்படித்தான் இருக்கும் என்று இவள் நினைத்துவிட்டாள். ஒருநாள் காலையில் கன்னமும் தாடைக்குக் கீழேயும் வீங்கி, வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். இரண்டு வயதுக் குழந்தையை நாங்கள் நாலு வீட்டுக்காரர்கள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயையே அடைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கேட்டதும் வயிற்றைக் கலக்கியது.

பணத்துக்குப் பயந்துதான் அவள் தள்ளிப்போட்டாள். ஆனால் ஜப்பானில் பல் வைத்தியமும் பொது இன்ஷூரன்ஸில் வந்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கு மேல் தங்க விசா உள்ள வெளிநாட்டுக்காரர்களும் ஏதாவது ஒரு பொது இன்ஷூரன்ஸில் சேர்ந்தே ஆக வேண்டும். கணவருக்கு கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்தால், வேலைக்குப் போகாத மனைவியும் பிள்ளைகளும் அதிலேயே சேரலாம். அதற்காகத் தனிப் பணம் பிடிக்க மாட்டார்கள். கம்பெனியில் இல்லாவிட்டால் வார்டு ஆபீஸில் பதிந்து தேசிய சுகாதார இன்ஷூரன்ஸில் சேர வேண்டும். எதில் இருந்தாலும் பெரியவர்களுக்கு செலவில் நூற்றுக்கு 30 பங்குதான் நம் கையிலிருந்து. சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை, பல் பிடுங்குவது, தாடையில் புதைந்த பல்லை அறுத்து எடுப்பது எல்லாம் இதில் அடங்கும். வெள்ளைப் பீங்கான் உறை, இம்ப்ளான்ட் போன்றவை பெரும்பாலும் அடங்காது. அதனால் உறை போடும்போது மட்டும் "ஹோகென்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் என்பதற்கு அவர்கள் சொல் அது. முழுப்பணமும் நாமே கட்டுவது என்றால் "ஜிஹி" என்பார்கள்.

முன்பு இதற்கெல்லாம் இன்ஷூரன்ஸ் அட்டையை நீட்டினால் போதும். 2024 டிசம்பர் 2 முதல் புது அட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மை நம்பர் அட்டையில் பதிந்துகொள்ள வேண்டும், அல்லது அதற்குப் பதிலாகக் கொடுக்கும் உறுதிச் சான்றை வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருபவர்கள் இதை முதல் வேலையாகச் செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, யாரிடம் போவது? ஜப்பானில் பல் டாக்டருக்குப் பஞ்சமே இல்லை. நாடு முழுக்க 65,000-க்கும் மேல் பல் கிளினிக்குகள். தெருவுக்குத் தெரு இருக்கும் 24 மணிநேரக் கடைகளைவிட இதுதான் அதிகம்! போர்டில் "ஷிகா" என்றால் சாதாரணப் பல் மருத்துவம். "கோகூ கெகா" என்றால் வாய், தாடை அறுவை சிகிச்சை. இரண்டு எழுத்துகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், மொழி தெரியாவிட்டாலும் போர்டைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பெரிய ஆபரேஷன் என்றால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமே என்று தோன்றும். நம் ஊரில் அப்படித்தானே செய்கிறோம்! இங்கே அது சரிவராது. முதலில் தெருவில் இருக்கும் சின்னக் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும். அவர் பார்த்துவிட்டு, தன்னால் முடியாது என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் தருவார். அதற்கு "ஷோகாய்ஜோ" என்று பெயர். கடிதம் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போனால், வைத்தியச் செலவு தவிர தனியாக ஒரு தொகை கட்டச் சொல்வார்கள். 2022 அக்டோபரிலிருந்து பல் பிரிவில் முதல் தடவைக்குக் குறைந்தது 5,000 யென். கடிதம் இருந்தால் அது மிச்சம். எக்ஸ்ரே விவரமும் கூடவே போய்விடும்.

இனி என் கதை. 2023 நவம்பரில் எனக்கும் இடது கீழ்ப்பக்கம் ஈறு வீங்கியது. அந்தத் தங்கை பட்ட பாட்டைப் பார்த்திருந்ததால் மறுநாளே கிளம்பிவிட்டேன். இவருக்கு அன்று ஆபீஸில் முக்கியமான மீட்டிங். "ஏங்க, நானே போய்ட்டு வரட்டுமா?" என்றேன். "போ, போன்ல கூப்பிடு, நான் எடுத்துப் பேசறேன்" என்றார்.

முதலில் போன கிளினிக்கில் வரவேற்பில் இருந்த பெண் தலையைத் தாழ்த்தி வணங்கி, ஜப்பானிய மொழி தெரிந்தவரை அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் வீங்கிய கன்னத்தோடு வாசலில் நின்றபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டோக்கியோ மாநகர அரசு நடத்தும் "ஹிமாவாரி" என்ற மருத்துவத் தகவல் சேவை இருக்கிறது. ஹிமாவாரி என்றால் சூரியகாந்தி. போனில் கேட்டால், ஆங்கிலம் பேசும் டாக்டர் எங்கே இருக்கிறார் என்று சொல்வார்கள். ஆங்கிலம், சீனம், கொரியன், தாய், ஸ்பானிஷ் மொழிகளில் பதில் கிடைக்கும். தமிழ் இல்லை. எனக்குத் தெரிந்த ப்ளஸ் டூ ஆங்கிலத்தில் கேட்டேன். இரண்டு இடங்கள் சொன்னார்கள். ஒன்று ரயிலில் மூன்று ஸ்டேஷன் தள்ளி. அங்கே அன்று மாலையே நேரம் கொடுத்தார்கள்.

அந்த லேடி டாக்டருக்கும் ஆங்கிலம் என்னைப்போலத்தான். அரைகுறையும் அரைகுறையும் சந்தித்தால் ஒரு வசதி, இரண்டு பேரும் மெதுவாகப் பேசுவோம்! நான் முந்தின நாள் ராத்திரியே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். எந்தப் பல், எத்தனை நாளாக, வலி எப்படி, காய்ச்சல் உண்டா, என்ன மாத்திரை போட்டேன், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று. அதை நீட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார். பல் படுக்கை வசத்தில் புதைந்திருந்தது. தாடைக்குள் ஓடும் நரம்புக்குப் பக்கத்திலேயே வேர். தாளில் படம் வரைந்து காட்டினார். வீக்கம் வற்ற மருந்து எழுதினார். பல் எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஷோகாய்ஜோ கொடுத்தார்.

மருந்துச் சீட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இங்கே அது எழுதிய நாளையும் சேர்த்து நாலு நாளுக்குத்தான் செல்லும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் வைத்துவிட்டால் மறுபடி போய் நிற்க வேண்டும். மருந்துக்கடையில் "ஒகுசுரி தெச்சோ" என்று ஒரு சின்ன நோட்டு தருவார்கள். நாம் சாப்பிட்ட மருந்தெல்லாம் அதில் ஏறிவிடும். அடுத்த டாக்டரிடம் அதைக் காட்டினாலே பாதிப் பேச்சு மிச்சம்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் நேரம் கிடைத்தது. சி.டி. எடுத்தார்கள். சம்மதப் பத்திரம் ஒன்றை முன்னால் வைத்தார்கள். முழுக்க ஜப்பானிய எழுத்து. புரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் முகம் சுளிக்கவே இல்லை. ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து ஆங்கில மொழிபெயர்ப்பாளரை அதில் வரவழைத்தார்கள். நரம்பு பக்கத்தில் இருப்பதால் உதடும் தாடையும் சிலருக்குக் கொஞ்ச காலம் மரத்துப்போகலாம், அபூர்வமாக நீடிக்கவும் செய்யலாம் என்று விளக்கினார்கள். எல்லாம் கேட்டுத் தெளிந்த பிறகு போட்டேன். தோழியரே, நம் உடம்பில் கத்தி வைக்கும் காகிதம் அது. கேட்பதற்கு வெட்கப்படவே கூடாது.

பல் எடுக்கும் அன்று இவர் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறைக் கீறி, பல்லை இரண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. வாய் நிறையக் கருவி இருக்கும்போது எந்த மொழியில் பேச முடியும்? கை பேசும்! ஒரு வாரம் கழித்துத் தையல் பிரித்தார்கள். கடவுள் புண்ணியத்தில் உதடு மரத்துப்போகவில்லை.

செலவு? கிளினிக், எக்ஸ்ரே, சி.டி., ஆபரேஷன், மருந்து எல்லாம் சேர்த்து என் பங்கு 15,000 யென்னுக்குள். அப்போது ஒரு யென் நம் அரை ரூபாய்க்குச் சற்று அதிகம். இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் இதுவே 50,000 யென் ஆகியிருக்கும். இதற்காக ஊருக்கு வந்து போவதென்றால் விமான டிக்கெட்டே இதைப்போலப் பல மடங்கு.

பல் எடுத்த பிறகு வீட்டில் கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். எடுத்த இடத்தில் ரத்தம் உறைந்து மூடி போல நிற்கும். அது கலைந்தால் எலும்பு தெரிந்து வலி உயிரை எடுத்துவிடும். அதனால் முதல் நாள் வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. சூடாக எதுவும் வேண்டாம். நான் ஆறிய நொய்க் கஞ்சி, காரமில்லாத பருப்புக் கடைசல், தயிர் சாதத்தைக் குழைத்து மறுபக்கமாகச் சாப்பிட்டேன். ரசத்துக்கு நாக்கு ஏங்கியது. மிளகுக்குப் பயந்து நாலு நாள் தொடவில்லை.

வார்த்தைகளுக்கு வருகிறேன். ஜப்பானியர்கள் வலியை நம்மைப்போலவே சத்தத்தால் சொல்கிறார்கள்! நாம் "விண் விண்" என்கிறோமே, அவர்களுக்கு அது "ஸுகி ஸுகி". குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசுவதற்கு "ஷிமிரு". வலிக்கிறது என்பதற்கு "இதாய்". வீங்கியிருக்கிறது என்பதற்கு "ஹரேதே இமஸ்". மரத்துப்போகும் ஊசிக்கு "மசுய்". ஒவ்வாமைக்கு "அரெருகி". கர்ப்பத்துக்கு "நின்ஷின்". ஞானப்பல்லுக்கு "ஓயாஷிராஸு". அதாவது "பெற்றவர்களுக்குத் தெரியாதது" என்று அர்த்தமாம். அம்மா அப்பாவுக்குத் தெரியாத வயதில் முளைப்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். கடல் கடந்து வந்த பெண்ணுக்கு எத்தனை பொருத்தமான பெயர்! போனில் அம்மாவிடம் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிக்கொண்டே மறுகன்னத்தில் ஐஸ் வைத்திருந்தவளுக்குத்தான் அது புரியும்.

அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. மகளின் பிரசவத்துக்காக ஜப்பான் வருகிறீர்களா? 90 நாள் விசாவில் வருபவர்களுக்கு இங்குள்ள பொது இன்ஷூரன்ஸ் கிடையாது. முழுத் தொகையும் கையிலிருந்துதான். பயண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பல் வைத்தியத்துக்குப் பணம் உண்டா, எவ்வளவு வரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலி தீர்க்கும் அவசர சிகிச்சைக்கு மட்டும் கொஞ்சம் தரும் பாலிசிகளும் உண்டு. அதனால் முறுக்கும் பிரசவ லேகியமும் கட்டுவதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஆடும் பல், உடைந்த பல், பல்செட் எல்லாவற்றையும் ஊரிலேயே சரிசெய்துகொண்டு கிளம்புங்கள்.

மகளுக்கும் அப்படியே. விசா வந்ததும் ஒரு தடவை பல் எக்ஸ்ரே எடுத்து, அதன் நகலைக் கையோடு கொடுத்து அனுப்புங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைக் கடையில் சொல்லும் பெயராக இல்லாமல், உள்ளே இருக்கும் மருந்தின் பெயராக எழுதி வாங்குங்கள். நம் ஊர் மாத்திரைப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்குப் பல ஊர்களில் வார்டு ஆபீஸ், நகராட்சி மூலமாக இலவசப் பல் பரிசோதனை உண்டு. குழந்தைகளுக்கு ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் நடக்கும் பரிசோதனையில் பல்லையும் பார்ப்பார்கள். அழைப்புத் தபால் ஜப்பானிய எழுத்தில் வரும். விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட வேண்டாம்!

வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் உடனே ஆம்புலன்ஸ். ஜப்பானில் அதற்கு எண் 119. ஞாயிறு, விடுமுறை நாட்களில் திறந்திருக்கும் பல் கிளினிக் எது என்று வார்டு ஆபீஸ் வெளியிடும் அறிவிப்பில் இருக்கும். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

இந்த நாட்டுக்காரர்கள் பல்லை மதிக்கும் விதமே தனி. 80 வயதில் சொந்தப் பல் 20 இருக்க வேண்டும் என்று 1989-ல் ஒரு இயக்கமே ஆரம்பித்தார்கள். 2016 கணக்கெடுப்பில் அந்த வயதுக்காரர்களில் பாதிப்பேருக்கு மேல் அதை எட்டிவிட்டார்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு பாட்டி வறுகடலையை நறுக் நறுக்கென்று கடிக்கிறார். நம் பாட்டிகள் அறுபதிலேயே வெற்றிலையை உரலில் இடிக்கிறார்களே!

பல் போனால் சொல் போச்சு என்பது நம் ஊர்ப் பழமொழி. வெளிநாட்டில் இருக்கும் பெண்ணுக்கு அது தலைகீழ். நம்மிடம் சொல் இல்லாவிட்டால்தான் பல் போகிறது. பத்து வார்த்தை, ஒரு தாள், ஒரு போன் எண் இவற்றை வலி வருவதற்கு முன்னாலேயே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டில் இருக்கும் சகோதரிகளும் அந்தந்த ஊர் வழக்கத்தை இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். இன்ஷூரன்ஸில் பல் வருமா, முதலில் யாரிடம் போக வேண்டும், விடுமுறை நாளில் யார் பார்ப்பார்கள் என்ற மூன்று கேள்விக்குப் பதில் எழுதினாலே போதும். புதிதாக விமானம் ஏறும் ஏதோ ஒரு பெண் கத்தரித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வாள்.

- ஒரு குடும்பத்தலைவி, டோக்கியோ.